நிற்காத மணி

1987 ஐப்பசி, ஞாயிறு இரவு. நோர்பரி.

போட்ஸ்வானாவில் சோளமும் மாடும் வைத்திருக்கும் அண்ணைக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு. ஞாயிறு காலை போன் ஒருதரம் அடித்து நின்றால் அவர் சுகம். காசு மிச்சம் பிடிக்க நான் எடுக்கக் கூடாது. இன்று அது நிற்கவில்லை.

எடுக்கப் பயந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அங்கே மூன்று வருடமாக மழையில்லை. முளைத்த பயிரையும் புழுதிப் புயல் மூடிவிட்டது. கடைசியாகக் கதைத்தபோது, "இனி எனக்கு ஏலாது, தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு எனக்கு நித்திரையே ஒழுங்காக இல்லை.

எடுத்தால் ஒரே இரைச்சல்.

"அண்ணை, திரும்பவும் புழுதிப் புயலோ?"

இரைச்சல்தான் கூடியது.

"அண்ணை! கதையுங்கோ!" கத்திவிட்டேன்.

"கத்தாதை. ரிசீவரைக் கூரைப் பக்கம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். தகரத்திலை மழை விழுகுது. கேள்."

அதை முதலே சொல்லித் தொலைத்திருக்கலாமே மனுசன்! போன் கோலுக்குக் காசு ஏறுகிறது என்று இருவரும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே நின்றோம்.

இப்போது இங்கேயும் தூறுகிறது. உடுப்பெல்லாம் வெளியே கொடியில் கிடக்கிறது. நனையட்டும்.