முத்துக்கொட்டை வறுக்கும்படி நெடுவாயிலுக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. மழை பொய்யாத கூவிள நாட்டை அறம் பிறழாது ஆளும் பெருங்கோ நெடுமுடியார் திருவாணைப்படி, அவருடைய முதன்மந்திரி சேந்தன், தென்னெல்லைக் காவலாகிய நெடுவாயிற் கோட்டையின் படைத்தலைவர், புறமுதுகு காட்டாத எயினனாருக்கு எழுதுவித்த திருமுகம். கோட்டையும் அதன் நானூறு காவலரும், அவர்தம் மனைமக்களும், கொட்டிலில் நிற்கும் குதிரைகளும் குன்றாத நலத்தோடு வாழ்க. இந்த ஓலையைத் தாங்கள் நின்றபடியே படிக்க வேண்டாம். உட்கார்ந்து, ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டுகிறோம். இதில் தங்கள் தமையனார் நன்னாகனாரைப் பற்றிய செய்தி இருக்கிறது.

தைப் பூரணையன்று காலை ஈங்கை நாட்டு இளவரசியார் மணப்பெண்ணாக, இரண்டாயிரம் பரிவாரத்தோடு வருவார். கோட்டைக் கதவை அகலத் திறந்து பூரண கும்பத்தோடு எதிர்கொள்க என்று சென்ற மாதம் தங்களுக்கு ஓர் ஆணை வந்தது. அந்த ஆணை இனிச் செல்லாது. கதவு திறக்கப்படலாகாது. காரணம் தெரியாமல் இதை நிறைவேற்று என்று எந்தத் தம்பியிடமும் சொல்ல முடியாது என்பதால், நடந்ததை நடந்தபடி சொல்கிறோம்.

அரண்மனை மடைப்பள்ளி அதிகாரியாகிய நன்னாகனாரை மார்கழி பிறந்ததும் ஈங்கைத் தலைநகருக்குத் தூது அனுப்பினோம். பெரிய அலுவல் ஒன்றுமில்லை. வரப்போகும் சம்பந்திகள் எந்தக் கொட்டையில் காப்பி குடிப்பார்கள், எப்படி வடிப்பார்கள், பால் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு என்று நாலு வீடு புகுந்து கேட்டு வரவேண்டும். கல்யாணப் பந்தியில் கூவிளத்தின் காப்பியைக் குறை சொன்னார்கள் என்ற பேச்சு வரக்கூடாது. இதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்? தம் காப்பியைத் தாமே வறுத்து, தாமே அரைத்து, தாமே வடித்துக் குடிப்பாரேயொழிய, பெருந்தேவியாரே கலந்து கொடுத்தாலும் முகத்தைச் சுளிக்கிறவர் அல்லவா தங்கள் அண்ணன்! காய்க்கு ஒன்றாக உருண்டு விளையும் முத்துக்கொட்டைதான் அவருக்குக் கொட்டை, மற்றதெல்லாம் மாட்டுத்தீவனம். அதையும் பொன்னிறத்துக்கு மேல் ஒரு கணம் சட்டியில் விடமாட்டார்.

பத்தாம் நாள் அவருடைய முதல் ஓலை வந்தது. ஈங்கையாருக்கு நாக்கு செத்துவிட்டது என்று அதில் புலம்பியிருந்தார். ஈரடுக்குப் பித்தளை வடிகலனில் சொட்டுச் சொட்டாக வடிநீர் இறக்கிக் குடிப்பதில் பேர்போன ஊர் அது. இப்போது வீட்டுக்கு வீடு வடிகலனைப் பரண்மேல் போட்டுவிட்டார்களாம். குறுகிய வாய் கொண்ட ஓர் இரும்புக் கலயத்தில் பொடியையும் கருப்பட்டியையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஒரு கை பச்சைத்தண்ணீர் தெளித்து மண்டியை அடியில் தங்கவைத்துக் குடிக்கிறார்களாம். கடைத்தெருவில் முத்துக்கொட்டையைச் சீந்துவார் இல்லை. தூக்கத்தை விரட்டும் முரட்டு மலைக்கொட்டைக்குத்தான் அடிதடி. அதையும் கரியாக வறுக்கிறார்கள். நேற்றுவரை வடித்துக் குடித்த பெண்கள் இந்தப் புதுக் கொதிப்பைத் தெருவில் கூடி ஒருவருக்கொருவர் பழக்கிக்கொள்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார்.

இம்மந்திரிதான் அதை அவையில் உரக்கப் படித்தான். பெருங்கோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். தங்களைப் போலப் படையோடு நடந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் சிரித்திருக்கமாட்டார். வடிகலனை யாரும் குதிரைமேல் வைத்துக் கொண்டுபோவதில்லை என்பதும், கரியாக வறுத்த கொட்டை மாதக்கணக்கில் கெடாது என்பதும், ஒற்றைக் கலயமும் ஒரு கை தண்ணீரும் பாசறைக் காப்பி என்பதும் தங்களுக்குத் தெரியும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள இம்மந்திரிக்கு இன்று வாயில்லை.

நன்னாகனாருக்குச் சந்தேகம் தட்டியது மூங்கிற் குழாயில். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரி உலகி என்பவள். அவள் கணவன் ஈங்கை வேற்படையில் ஒருவன். அவள் பொடியை மூங்கிற் குழாயில் இடித்து இடித்து அடைத்து, வாயை மெழுகால் மூடிக்கொண்டிருந்தாள். தெரு முழுவதும் அதே வேலை. எதற்கு என்று கேட்டதற்கு, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வழியில் குடிக்க என்றாள். அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். போக நாலு நாள், வர நாலு நாள், கல்யாணம் மூன்று நாள். குழாயில் இருந்ததோ நாற்பது நாளைக்கான பொடி. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இவர்கள் முந்துவது எதற்கு என்ற கேள்வி அப்போதுதான் அவருக்கு எழுந்தது.

ஆனாலும் அவர் உடனே முடிவுகட்டவில்லை. ஒரே ஒரு பொருளைக் கேட்டு வாங்கினார். மணப்பெண் தன் கையால் கொட்டை வறுத்து முன்னதாக மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதும், அதில் போட்ட முதற்காப்பியை மாமியார் குடித்த பிறகே பெண்ணை உள்ளே அழைப்பதும் இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம். கன்னிப்பெண் வறுத்தால் நாலு கொட்டை கருகும், நாலு கொட்டை பச்சையாய் நிற்கும். அதைச் சொல்லிப் பெண்ணைக் கேலி செய்வதுதான் கல்யாணத்தின் முதல் சிரிப்பு. ஈங்கை அரண்மனையார் மறுநாளே ஒரு குழாய் நிறையக் கொடுத்தார்கள். அதில் இருந்த கொட்டைகள் அத்தனையும் ஒரே கருப்பு, ஒரே அளவு. படைக்கு மொத்தமாக வறுக்கும் பெருஞ்சட்டியில் அள்ளியது.

இளவரசியார் மாளிகைக்குக் காணிக்கை கொடுக்கும் சாக்கில் போனார். முன்கட்டில் தோரணம் கட்டியிருந்தது. பின்கட்டில், மடைப்பள்ளி அடுப்பில், பூனை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் அடுப்பு எரிகிறது. கல்யாணப்பெண் வீட்டு அடுப்பில் மட்டும் பூனை. ஆயுள் முழுவதும் அடுப்படியில் கழித்த அந்த மனிதருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் உலகி உடைந்துவிட்டாள். அவள் முன்பு அந்த மாளிகைக்கு நீர் சுமந்தவள். அவள் சொன்னதை நன்னாகனார் சொன்னபடியே எழுதியிருப்பதால் இங்கும் மாற்றாமல் தருகிறோம். “இளவரசியம்மா கார்த்திகையிலேயே காய்ச்சல்ல போயிட்டாக ஐயா. வெளியே மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு. பல்லக்குல பொண்ணு இல்ல, வாளுதான் இருக்கு. நீங்க கதவச் சாத்திக்கிட்டீங்கன்னா எம்புருசன் சண்டையில்லாம வீட்டுக்குத் திரும்பிருவாரு. தொறந்தீங்கன்னா யாரு பொழைப்பா, யாரு போவான்னு எனக்கென்ன தெரியும்?”

அன்று மாலையே நன்னாகனாரின் வாசலில் காவல் போட்டார்கள். தூதரைப் பத்திரமாகக் கல்யாண ஊர்வலத்தின் முன்னால் வெள்ளைக் குதிரையில் ஏற்றி அழைத்துச் செல்வோம் என்று மரியாதையாகவே சொன்னார்களாம். மணப்பெண்ணின் கொட்டையை வழக்கப்படி அனுப்பவேண்டும் என்று அவர் கேட்டபோது தடுக்கவில்லை. அந்தக் குழாயின் அடியில், கருப்புக் கொட்டைகளுக்குள், அவருடைய இரண்டாம் ஓலை சுருண்டு கிடந்தது. நேற்று அதை மடைப்பள்ளியில் கொட்டியிராவிட்டால் இந்தத் திருமுகம் இல்லை.

அதன் கடைசி வரிகள் தங்களுக்கானவை. “தம்பியிடம் சொல்லுங்கள், கோட்டைக்குக் கீழே நின்று கதவைத் திறக்கச் சொல்லி நான் கூப்பிடுவேன். கெஞ்சுவேன். அம்மாவின் பேரைச் சொல்லி அழுவேன். முதுகில் கத்தி குத்தும்போது நான் எதைச் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரியாது. அவன் கேட்க வேண்டாம். இந்த ஓலை வந்து சேர்ந்ததா இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.” இவ்வளவே அவர் எழுதியது.

ஆகவே படைத்தலைவர் எயினனாருக்கு ஆணை. தோரணமும் கும்பமும் இருந்தபடி இருக்கட்டும். கதவுக்குப் பின்னால் கணையமரம் மூன்றும் விழட்டும். அவர்கள் தொடங்காமல் நம் பக்கத்திலிருந்து ஓர் அம்பும் போகவேண்டாம். அவர்களிடம் நாற்பது நாளைக்குப் பொடி இருக்கிறது; தங்களிடம் ஆறு மாதத்துக்கு நெல் இருக்கிறது. தங்கள் அண்ணன் அழைத்தால் மதில்மேல் தலை காட்டவேண்டாம். தங்களால் முடியாதென்றால் இப்போதே சொல்லியனுப்புக, வேறொருவரை நியமிப்போம். யாரும் அதைக் கோழைத்தனம் என்று சொல்லமாட்டார்கள், சொன்னால் அவர்கள் நாக்கை இம்மந்திரி அறுப்பான். வளர்பிறை ஒன்பதாம் நாள், பெருங்கோவின் கூவிளந்தழை முத்திரை இட்டு விடுத்தது. கண்டவுடன் செய்க, காண்பவர் வேறெவரும் இலராகுக.

முத்திரைக்குக் கீழே சேந்தன் தன் கைப்பட எழுதியது:

இந்த ஓலையோடு ஒரு சிறு மூட்டை வருகிறது. தங்கள் அண்ணன் வீட்டுப் பானையிலிருந்து எடுத்த முத்துக்கொட்டை. தையில் வாடைக்காற்று கோட்டையிலிருந்து தெற்கே, அவர்கள் வரும் பாதை நோக்கித்தான் வீசும். பூரணையன்று காலை வெள்ளைக் குதிரை கண்ணில் பட்டதும் வாயில் மாடத்தில் அடுப்பை மூட்டித் தாங்களே இதை வறுக்கவும். வாசனை கீழே போய்ச் சேரும். அவர் தெரிந்துகொள்வார், அதன்பின் கெஞ்சவேண்டியதில்லை. பொன்னிறத்தில் இறக்கிவிடவும். கருகவிட்டால் அவருக்குப் பிடிக்காது.