நினைவு மலரில் ஒரு வரி

ஒக்டோபர், ஞாயிறு இரவு.

மதியம் இந்த இத்தாலிய நகரின் ஒரேத்தோ பகுதியில் மகள் ஜெசிந்தா வீட்டில் பழைய ஹாலிவுட் படம் ஒன்று பார்த்தோம். ஓர் இசையமைப்பாளரின் வாழ்க்கை, காதலும் பாட்டுமாய்ப் போகிறது. கடைசியில் அவர் பியானோ வாசிக்க, மனைவி தோளில் சாய்ந்து நிற்கிறாள். அந்த மனிதரின் உண்மைக் கதையைக் கன்னியர் மடத்தில் பியானோ கற்பித்த சிஸ்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"முழுப் பொய். அந்த ஆள் மனுசியைக் கைவிட்டிட்டுப் போனவர்," என்றேன்.

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் அப்பாவுக்கு எழுதினதும் உப்பிடித்தானே, அம்மா."

என் கணவர் இறந்த முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நான் எழுதிய வாழ்க்கை வரலாற்றைச் சொல்கிறாள். நாளைக் காலை அது அச்சுக்குப் போகிறது. திருப்பலி முடிந்து வருகிறவர்களுக்குக் கொடுப்போம். அதில் "குடும்பத்தை ஒருநாளும் பிரியாதவர்" என்று எழுதியிருந்தேன்.

"அப்பா இஞ்சை வந்து நாலு வருசம் ஒரு கடிதமும் போடேல்லை. மன்னாரிலை தபால்காரனைப் பாத்துக்கொண்டு நிண்டது நான்."

"சனம் என்ன கதைக்கும்?"

"சனத்துக்குத் தெரியும். வாசிச்சுப்போட்டுச் சிரிக்கப்போகுது."

பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். சனம் சிரிக்கும் என்றதுதான் சுட்டது என்று நினைத்தேன். அதில்லை. அவள் தபால்காரனுக்காகக் காத்து நின்றது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சற்று முன் அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "நான்கு ஆண்டுகள் எங்களை விட்டு விலகியிருந்தார். பிறகு அழைத்தார். நான் பிள்ளையோடு வந்தேன்."

நாலு வருசம் திரும்பிப் பாராதவர் அழைத்ததும் ஏன் வந்தேன் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். பக்கத்தில் இடம் இருக்கிறது. இவ்வளவு நேரமாகப் பேனாவைப் பிடித்தபடி இருக்கிறேன்.