என் வாசலில் கிடந்த தயோச் சக்கை

அக்கா,

இன்று காலை பேத்தி இன்சீன் சந்தைக்குப் போய்வந்தாள். கீரை, மீன், எனக்கு வெற்றிலை. அதோடு ஒரு பிளாஸ்டிக் பையில் மண்நிறத் தண்ணீர், வாயை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தயோ மரப் பட்டையும் சீயக்காயும் சேர்த்து வேகவைத்த தண்ணீர், பட்டைச் சக்கையோடு. தலை கழுவ.

உடனே உன் மேல் கோபம் வந்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வந்தது. வந்த பின்னால் சிரிப்பும் வந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்த எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பேத்திக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. தைரியமாக எழுதலாம்.

அந்த மான் வராத வருஷத்தை நீயும் மறந்திருக்க மாட்டாய்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் நீ "நூறு வயசு" என்பாய். மழை நின்று குளிர் தொடங்கியதும் நம் ஆண்கள் வெள்ளிக்கிழமை வடக்கே போகிற ரயில் ஏறி, பெகு மலைக்காட்டின் ஓரத்தில் இறங்கி, திங்கட்கிழமை மத்தியானம் திரும்புவார்கள். லைசென்ஸ் துப்பாக்கி உன் வீட்டுக்காரருடையது. அது ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்கு வாய்தான் துப்பாக்கி. ஓர் இலையை மடித்து உதட்டில் வைத்து ஊதினால் குட்டி மான் கத்துவது போலவே இருக்கும். பெண் மான் தேடிக்கொண்டு வரும். மூன்றாவது ஆள் கோ டின், மலையடியில் பிறந்த பர்மாக்காரர். எந்த ஓடையில் எது தண்ணீர் குடிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். சட்டமும் அவர் சொன்னதுதான். ஆண்கள் காட்டில் இருக்கிற மூன்று நாளும் வீட்டுப் பெண்கள் தலை நனைக்கக் கூடாது. நனைத்தால் மலைக்கு அதிபதியான நாட் தெய்வம் மானை மறைத்துவிடும்.

நாமும் காத்தோம். வெள்ளி காலையிலேயே தலை முழுகிவிட்டு, திங்கள் மத்தியானம் வரை அரித்தாலும் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

முதல் வாரம் வெறுங்கையோடு வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலா வெளிச்சம் அதிகம் என்றார்கள். மறுவாரம் நிலாவைக் குறை சொல்ல முடியவில்லை, அதனால் உட்கார்ந்த மரத்தைக் குறை சொல்லிவிட்டு வேறு மரம் பார்த்தார்கள். அப்புறம் கோ டின் காட்டு முனையில் நாட் தெய்வத்துக்குத் தேங்காயும் வாழைச் சீப்பும் வைத்தார். உன் வீட்டுக்காரர் அது போதாதென்று முனீஸ்வரனுக்கு எலுமிச்சம்பழம் வெட்டினார். இரண்டு சாமிக்கும் சண்டை வந்திருக்கும் என்று நீ தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாய். நான் சிரித்துச் சிரித்து உலையைப் பொங்கவிட்டேன்.

நான்காவது வாரத்திலிருந்து அவர்கள் "மான்" என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. "அது" என்பார்கள். அது வரல. அதோட காலடி பார்த்தோம், பழசு. முகம் மழிப்பதையும் விட்டுவிட்டார்கள். வெறுங்கையோடு ரயிலடியில் இறங்க வெட்கப்பட்டு, கிழங்கு தோண்டக் காட்டுக்குப் போனவர்கள் மாதிரி ஆளுக்கொரு மூட்டை காட்டுக் கிழங்கு தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் கிழங்கைக் கண்டால் உன் சின்ன மகள் தட்டை நகர்த்திவிட்டு அழுவாள். நான் ங்கப்பி மீன் விழுது போட்டுச் சமைத்துப் பார்த்தேன், புளி விட்டுப் பார்த்தேன். கிழங்கு கிழங்காகவேதான் இருந்தது.

ஐந்தாவது வாரம் அவர்கள் ஒரு வேடிக்கைக் கதையோடு வந்தார்கள். வழக்கமாக ஊதுகிறவரும் சுடுகிறவரும் அருகருகே உட்காருவார்கள். அந்த வாரம், காட்டில் ரெண்டு பக்கமும் பார்க்கலாம் என்று பிரிந்து உட்கார்ந்தார்களாம். என் வீட்டுக்காரர் ஓடைக்கரையில் இருப்பதாகப் பேச்சு. ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், சொல்லாமல் மேட்டுப் பக்கம் ஏறி அங்கிருந்து ஊதியிருக்கிறார். உன் வீட்டுக்காரர் நிஜக் குட்டி என்று நினைத்து, தாயும் பக்கத்தில் இருக்கும் என்று புதருக்குள் நகர்ந்து போயிருக்கிறார்.

"போய்ப் பார்த்தா லுங்கி கட்டுன மானு" என்றார் உன் வீட்டுக்காரர்.

என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோ டினும் சிரித்தார். நானும் சிரித்தேன், அக்கா. நீ மட்டும் எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளினாய். விறகு ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்ததை வைத்துக்கொண்டேன், அர்த்தம் மட்டும் தெரியவில்லை.

ஆறாவது திங்கட்கிழமை. மூவரும் நேராக நம் முற்றத்துக்கு வந்தார்கள். மூட்டையில் கிழங்குகூட இல்லை. கோ டின் செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே, இரண்டு வீட்டிலும் சட்டம் காத்தீர்களா என்று பர்மா மொழியில் கேட்டார். கேட்டுக்கொண்டே அவர் கண் என் வாசலுக்குப் போனது. என் த்வாண்டே மண்பானைக்கு அருகில், தண்ணீர் சொட்டும் இடத்தில், பிழிந்து போட்ட தயோப் பட்டைச் சக்கை கிடந்தது. ஈரம் காயாமல்.

நான் போட்டதில்லை. என் தலை எண்ணெய்ப் பிசுக்கோடு நாறிக்கொண்டிருந்தது. நீ எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றாய். கொண்டையை இறுக்கி முடிந்து, மேலே துண்டும் போட்டிருந்தாய். அந்தத் துண்டுக்குள்ளிருந்து வாசம் வந்தது. இன்று காலை இந்தப் பையிலிருந்து வந்த அதே வாசம்.

"அக்கா, துண்ட எடு. கொண்டைய அவுத்துக் காட்டு" என்றேன்.

"என் தலை எதுக்குடி? சக்கை எங்க கெடக்குன்னு மொதல்ல பாரு."

அடுத்தவர் மனைவியின் கூந்தலை அவிழ்க்கச் சொல்ல எந்த ஆணுக்கும் வாய் வராது. அது உனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தபடியே என் வீட்டுக்காரரிடம், "அடுத்த வாரத்துலேர்ந்து நீ வர வேணாம்ப்பா" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் காடுதான் எல்லாம். உனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை வந்தால் அவர் நடையே வேறு. அன்று உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். "நனைச்சியா?" என்று ஒரு தடவைதான் கேட்டார். இல்லை என்றேன். "சரி" என்றார். நம்பிச் சொன்ன சரியா, நம்பாமல் சொன்ன சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சரியையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிறகு அவர் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கை நிறையக் கிரீஸ். சாயங்காலம் கொய்யா மரத்தடியில் நின்று ஓர் இலையைக் கிள்ளி ஊதுவார். எந்த மான் வரப்போகிறது இன்சீனில்? தெரு நாய்தான் தலையைச் சாய்த்துப் பார்க்கும். அந்தச் சத்தம் தட்டியைத் தாண்டி உன் காதிலும் விழுந்திருக்கும்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் உன் வீட்டுக்காரர் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். மான் சாபம் என்றுகூடத் தெருவில் சொன்னேன். அதையும் யாரோ உன்னிடம் சொல்லியிருப்பார்கள்.

பதினேழு வருஷம் நான் உன்னோடு பேசவில்லை. ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் நீ இருக்கிற பெட்டியில் ஏற மாட்டேன். கோயிலில் நீ நிற்கிற வரிசை குட்டையாக இருந்தாலும் நீள வரிசையில் போய் நிற்பேன். உன் பெரிய மகள் கல்யாணத்துக்கு வந்து, பிள்ளையை ஆசீர்வதித்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பினேன். பாயசம் நல்ல வாசமாக இருந்தது. அதையும் மறக்கவில்லை.

உன் வீட்டுக்காரர் காலமானார். மூன்று மாதம் கழித்துத் திஞ்சான் வந்தது. தண்ணீர்த் திருவிழா முடிகிற நாளில் இளையவர்கள் மூத்தவர்களுக்குத் தலை கழுவிவிடுவார்கள் அல்லவா? அன்று காலை நீ என் வாசலுக்கு வந்தாய். கையில் ஒரு பெரிய கிண்ணம் நிறையத் தயோத் தண்ணீர், தோளில் துண்டு.

"உக்காருடி" என்றாய்.

நீ என்னைவிட நாலு வயது மூத்தவள். மூத்தவள் வந்து இளையவளை உட்காரவைத்துத் தலை கழுவுவதை இந்த ஊரில் யாராவது பார்த்திருக்கிறார்களா? தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

நீ பின்னால் நின்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே பேசினாய். முகம் பார்க்காமல் பேச வேண்டும் என்றுதான் தலை கழுவ வந்தாயோ என்னவோ.

"லுங்கி கட்டுன மானுன்னு சிரிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அவரு பாத்துட்டு நிறுத்தல. சுட்டாரு. தோட்டா நமுத்துப்போயி வெடிக்கல. அதுக்கப்புறந்தான் லுங்கியப் பாத்தாரு."

எனக்குக் கண்ணில் நுரை இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் விசையை இழுத்த விரலால் சோறு பிசையவில்லை என்றாய். என் வீட்டுக்காரரைக் காட்டை விடச் சொன்னால் எதற்கென்று கோ டின் கேட்பார். காரணத்தைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு மறுவாரமும் மூட்டையைக் கட்டுவார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான், நீ சொன்னது நிஜம். அதனால் அடுத்த சனிக்கிழமையே நீ தலை முழுகினாய், மான் எதுவும் வராமல், துப்பாக்கியைத் தூக்க வேலையில்லாமல் போக. திங்கள் காலையில் மறுபடி முழுகிவிட்டு, சக்கையை என் பானை ஓரத்தில் போட்டாய், என் புருஷன் போகாமல் இருக்க.

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சக்கையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதான் அன்னைக்கு உன் மூஞ்சிய அவரால பாக்க முடியல."

பதினேழு வருஷமாக அந்தத் தரை பார்த்த முகத்தை நான் திமிர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ வச்சிருப்பியா? அன்னைக்கு ராத்திரியே உம் புருஷங்கிட்ட கொட்டியிருப்ப. அப்புறம் அவங்க ரெண்டு பேரும் எப்படி மூஞ்சி பாத்துப்பாங்க? எம்மேல கோவமா இருந்துட்டுப் போ, உம் புருஷன் இருப்பாருல்ல."

"இன்னும் ஒரு சொம்பு ஊத்து, காதுகிட்ட நுரை நிக்குது" என்றேன். நீ ஊற்றினாய். அவ்வளவுதான் நம் சமாதானம்.

அப்புறம் எத்தனை நல்ல வருஷங்கள், அக்கா. ஒரே பெட்டியில் ஏறி வட்ட ரயிலில் ஊரை முழுச் சுற்றுச் சுற்றி, ஏறின இடத்திலேயே இறங்கி, மீன் சாறு ஊற்றிய மொஹிங்கா குடித்துவிட்டு வீட்டுக்கு வருவோம். ரயிலில் நான் பழசை எடுப்பேன். சக்கையை வைத்தது சரி, "என் தலை எதுக்குடி" என்று கேட்டது எதற்கு? அந்தக் குரல் நடிப்பு மாதிரி இல்லை என்பேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சூரியகாந்தி விதையைக் கடிப்பாய்.

என் வீட்டுக்காரருக்கு நான் சொல்லவே இல்லை. வாயில் எதுவும் நிற்காதவள் என்று நீ எடைபோட்டாய் அல்லவா? நின்றது. அவர் பட்டறை வேலை முடிந்து, ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளுக்கு இலை ஊதக் கற்றுக்கொடுத்து, பல்லெல்லாம் விழுந்தபின் ஊத வராமல் போய், நாலு வருஷம் முன்னால் இந்த வீட்டில், இந்தப் பாயில், கஞ்சி குடித்த வாயோடு தூங்கினபடி போனார். காட்டில் ஒரு புதருக்குள் முடிந்திருக்க வேண்டியவர். உன் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசிவரை, "நல்ல மனுஷன், என்ன இருந்தாலும் என்ன விலக்கிட்டான்" என்பார். எனக்குத் தொண்டை வரை வரும். விழுங்கிக்கொள்வேன். உன்னைப் பார்த்துக் கற்றது அது.

நன்றி என்று உன்னிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ திட்டியிருப்பாய். கோபமும் முழுதாகப் போகவில்லை. பதினேழு வருஷப் பேச்சை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய், அதைத் தனியாக வைத்திருக்கிறேன். நீ கொடுத்த மனிதனை அதைவிடப் பெரிதாக வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே பெட்டியில்தான் கிடக்கின்றன. ஒன்றை எடுக்கப் போனால் மற்றதும் கையோடு வருகிறது.

மத்தியானம் பேத்தியே எனக்குத் தலை கழுவிவிட்டாள். நகம் வளர்த்திருக்கிறாள், உன் கை மாதிரி இல்லை. கழுவி முடித்துப் பைக்குள் கிடந்த பட்டைச் சக்கையைப் பிழிந்து, குப்பையில் போட எடுத்துப் போனாள்.

"இங்க கொண்டாடி" என்றேன்.

வாங்கி, வாசலில் த்வாண்டே பானைக்குப் பக்கத்தில், தண்ணீர் சொட்டுகிற இடத்தில் வைத்தேன். அசிங்கமாக இருக்கிறது, கூட்டித் தள்ளட்டுமா என்று அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

இருக்கட்டும் என்றேன். இந்தத் தடவை அது நான் போட்டது.