டோன் குமிழை இடப்பக்கம் திருப்பியவனுக்கு

உன் ஆம்பிளிபயரை நேற்று உன் தங்கை கடைக்குக் கொண்டுவந்தாள். "சத்தமே வரலண்ணே. பார்த்துக் குடுங்க லா, அவசரம் இல்ல" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். கூடவே மைக்கும் இருந்தது. அதன் வலையை முகர்ந்து பார்த்தேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது, கிராம்பு வாசனை இன்னும் போகவில்லை. தொண்டை கட்டக்கூடாது என்று எப்போதும் கடைவாயில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பாயே, அதே வாசனை.

எனக்கு மடல் எழுதத் தெரியாது. என்ன பழுது, எதை மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதிப் பெட்டியில் ஒட்டுகிறவன் நான். ஆனால் இந்தப் பெட்டிக்குள் பார்த்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

வாரநாளில் நீ பண்டமாரானில் போர்க்லிஃப்ட் ஓட்டினாய், நான் பிரிக்பீல்ட்ஸில் டிவி பழுது பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன் மாமாவின் வேனில் டிவியையும் வீடியோ பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போவோம். ஆங்கிலப் படம் ஓடும். நீ மைக்கோடு பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வாய். அசகாய சூரர்கள் வரும் படங்கள் என்றால் நம் இருவருக்கும் உயிர். காரணம்தான் ஒத்துப்போகவில்லை.

"திருவிழாவுக்குப் போற மாதிரி டிரஸ் பண்ணிக்கிட்டுப் பறக்கிறான். அவனைப் பார்த்துச் சிரிக்காம என்னடா பண்றது?" என்பாய்.

"அவனுக்கு வலிக்கணும். வலிக்காதவன் ஊரைக் காப்பாத்துறதுல என்ன இருக்கு?" என்பேன் நான். பிரைட்னஸை ரொம்ப ஏற்றினால் கறுப்பு சாம்பலாகிவிடும், முகம் தட்டையாகிவிடும், சிரிப்பும் அப்படித்தான் என்று பாடம் நடத்துவேன்.

"உன் படத்துல யார் அடிக்கிறான், யார் அடி வாங்குறான்னே தெரியல. டிவி ரோசாக், கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஜனங்க எழுந்து போயிடும், மச்சான்."

இந்த விஷயத்தில் நீ விட்டுக்கொடுத்த ஒரே இடம் ஆம்பிளிபயரில் குரலைக் கனமாக்கவும் கூர்மையாக்கவும் இருந்த அந்த டோன் குமிழ். சோகக் காட்சி வருவதற்கு முன் அதை இடப்பக்கம் திருப்புவாய், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இறங்கும். ஜோக்குக்கு வலப்பக்கம். உடனே குரல் பளிச்சென்று ஆகிவிடும். பெட்டியை விற்ற ஆள் நல்ல சாமான் கொடுத்திருக்கிறான் என்று பெருமைப்படுவாய்.

பந்திங் பக்கத்துத் தோட்டத்துக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். "சிரிப்புப் படம் கேட்டிருக்காங்க, அதை எடுத்துக்கோ" என்று நீ சொல்லியிருந்தாய். நான் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்த டேப். முகமூடிக்காரன் மழையிலேயே நிற்கும், ஒரு காட்சியில்கூட வெயில் வராத படம். சிரிப்பெல்லாம் மலிவு சரக்கு என்பது என் எண்ணம். உன்னைக் கேட்கக்கூட இல்லை.

மண்டபத்தில் இறங்கியதும்தான் தோட்டத்துத் தலைவர் விஷயத்தைச் சொன்னார். "லோரி கவுந்து நம்ம பையன் ஒருத்தன் போயிட்டான் தம்பி. நேத்துதான் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சிச்சு. ஜனங்க கொஞ்சம் சிரிக்கட்டும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

நீ டேப்பைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "அறிவு இருக்காடா உனக்கு?" அவ்வளவுதான் கேட்டாய். வேறு டேப் கையில் இல்லை.

மத்தியான வெயில் தெரியாமல் ஜன்னல்களில் சாக்கு கட்டியிருந்தார்கள். படம் ஆரம்பிக்கும்போது இறந்தவனின் மனைவி வந்து கதவோரமாக உட்கார்ந்தாள். அதோடு மண்டபமே உறைந்துபோனது. நீ அடுக்கடுக்காக ஜோக் விட்டாய். எல்லாரும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவளுக்கு முன்னால் யார் முதலில் சிரிப்பது? இருபது நிமிஷம் உன் சட்டை நனைந்துகொண்டே இருந்தது. அந்த டேப்பைக் கொண்டுவந்தவன் நான். வீடியோ பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன்.

முகமூடிக்காரன் கல்லறை முன்னால் வந்து நின்றான். நீ குமிழை இடப்பக்கம் திருப்பினாய்.

"செத்துப்போனது இவன் வீட்டு ஆளு. இவனுக்கு அழணும். ஆனா எல்லாரும் இவனையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. அதான் முகமூடி போட்டுக்கிட்டான்."

படத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது. கதவோரத்தில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்த அக்கா ஒருத்தி அவள் முதுகில் கை வைத்தாள். நீ மைக்கை இறக்கிக்கொண்டாய். படம் தன் பாட்டுக்கு ஓடியது.

அடுத்த காட்சியில் முகமூடிக்காரன் கொட்டும் மழையில், இருபது முழத் துணி முதுகில் தொங்க, மொட்டைமாடியில் நின்றான். நீ வலப்பக்கம் திருப்பினாய். "டேய், தினமும் இப்படி நனைஞ்சிட்டு வர்றியே, இதை எல்லாம் யாருடா காய வைக்கிறது?"

"எங்க வீட்டுல நான்தான் காய வெச்சேன்!" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. முதலில் சிரித்தவள் அவள்தான். அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் மண்டபம் முழுக்கச் சிரித்தது. தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிள்ளான் வரும்வரை வேனில் சண்டை. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு நாம் இருவரும் கட்சி மாறியிருந்தோம்.

"நீ ஜெயிச்சிட்டடா. ஒரு ஜோக்குதான் அவங்களைத் தூக்கிச்சு," என்றேன்.

"போடா! அதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் ஜோக்கு அடிச்சேனே, எது வேலை செஞ்சிச்சு? உன் கல்லறைதான் வேலை செஞ்சிச்சு."

எவ்வளவு இருட்டுக்குப் பிறகு எவ்வளவு சிரிப்பு? அளக்க ஒரு மீட்டர் கிடைத்தால் தேவலை என்று எனக்கு. "மீட்டரை வெச்சிக்கிட்டு நீ என்ன பண்ணுவ, கல்யாணமா பண்ணிக்கப் போற?" என்று கேட்டாய்.

பிறகு உனக்கு டிங்கி காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் வந்தேன். "ரத்தத்துல என்னமோ குறைஞ்சிருக்காம். பிரைட்னஸ் பட்டன் எங்கடா இருக்கு?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. எதில்தான் விளையாடுவது என்று இல்லையா? வாயை மூடிக்கொண்டு படு என்றேன். நீ இரண்டு விரலைக் காற்றில் வைத்து, இல்லாத குமிழை இடப்பக்கம் திருப்பினாய். குரல் இறங்கியது.

"பயமா இருக்கு மச்சான்."

நான் சிரித்துவிட்டேன். இருட்டு வேண்டும், வலி வேண்டும் என்று உன்னோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவன், அதையும் உன் ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். நீயும் கொஞ்சம் சிரித்தாய். மறுநாள் நீ இல்லை.

அது ஜோக்கா, நிஜமா? இரண்டு வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று பெட்டியைத் திறந்தேன். ஃபியூஸ்தான் போயிருந்தது, ஐந்து நிமிஷ வேலை. மூடப்போகும்போது கண்ணில் பட்டது. டோன் குமிழுக்குப் போகும் வயர் வெட்டப்பட்டு, முனையில் பச்சை உறை மாட்டியிருந்தது. பச்சை உறை மாட்டுவது என் கை வழக்கம். குமிழைத் திருப்பினால் கரகரவென்று இரைகிறது என்று நீ ஒருமுறை பெட்டியைக் கொண்டுவந்தாய், பந்திங் போவதற்கு ரொம்ப நாள் முன்னால். அவசரத்தில் வயரை வெட்டிவிட்டு, புதுசு வந்ததும் மாற்றலாம் என்று விட்டேன். அப்படியே மறந்தும்விட்டேன்.

அன்றிலிருந்து அந்தக் குமிழ் எதோடும் சேரவில்லை. நீ திருப்பியதெல்லாம் வெறும் பிளாஸ்டிக். இறங்கியது உன் தொண்டை. உனக்கு இது தெரியுமா? தெரிந்தே திருப்பினாயா? தெரிந்திருந்தால் என்னைக் கிண்டல் செய்யாமல் விட்டிருக்க மாட்டாய். அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பெட்டியே இல்லை. அப்போதும் குரல் இறங்கியது, அதே அளவு. பந்திங்கில் அந்தப் பெண்ணுக்காக இறங்கிய அதே குரல். இதற்கு மீட்டர் தேவையில்லை.

போன வாரம் கோலாலம்பூரில் புதுப் படம் ஒன்று பார்த்தேன். ஊர் இடிந்து விழுகிறது, சூரன் வசனத்துக்கு வசனம் ஜோக் அடிக்கிறான், யாருக்கும் வலிக்கவே இல்லை. என் கை நாற்காலிப் பிடியில் தானாக இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர், "பாஸ், ஏதாவது தேடுறீங்களா?" என்றார்.

பெட்டியை நாளைக்கு உன் தங்கையிடம் கொடுத்துவிடுவேன். வயரைச் சேர்க்கவில்லை, உறையையும் கழற்றவில்லை. இப்போதெல்லாம் ஒருவன் என்னிடம் ஜோக் அடித்தால் உடனே சிரிப்பதில்லை. அவன் விரலைப் பார்க்கிறேன்.