தள்ளிவைத்த தட்டு

தை 12, புதன். ராஜபாளையம்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்க்கப் போன வீட்டில் என் கையே என் மானத்தை வாங்கிவிட்டது. தட்டில் இனிப்புச் சீயமும் முறுக்கும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு சீயத்தைத் தின்றுவிட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

கொழும்பில் ஆறு வருஷப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை பயாஸ்கோப் முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், கேட்காமலே தட்டு நிறையப் பலகாரம் வரும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவைக்க வேண்டும். தின்றதற்கு மட்டும்தான் காசு. தட்டைக் காலி செய்கிறவனைப் பார்த்து, ஊருக்குப் புதுசு என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இங்கே யாரும் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். வாசலுக்கு வந்ததும் அம்மா, "ஏலே, தட்டத் தள்ளுனா பொண்ணு வேண்டாம்னுல்லா அர்த்தம்?" என்று பல்லைக் கடித்தாள்.

வண்டி ஏறும்போது பெண்ணின் மதினி ஓடிவந்து ஓர் இலைப் பொட்டலத்தைக் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரவுகளும் கொழும்புலதான் இருக்காக. லீவுல வந்தா இப்பிடித்தான் தள்ளுவாக. 'அது கடை நெனப்பு மதினி, குடுத்துட்டு வாங்க'ன்னு எங்க பொண்ணுதான் சொல்லுச்சு."

பெண்ணின் அப்பாவிடம் இதை யார் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏற வேண்டும்.

பொட்டலத்தில் ஐந்து சீயம் இருந்தது. எனக்கு இனிப்பு அவ்வளவாக ஆகாது. ஐந்தையும் தின்றுவிட்டேன். வெறும் இலையை, காலையில் அம்மா கண்ணில் படும்படி அடுப்பங்கரையில் வைத்திருக்கிறேன்.