திலகத்தின் வெள்ளிக் கடைவாய்ப்பல்

1934 மார்ச் 5, திங்கள்
காலையில் மழை. ஜெலுத்தோங் சந்தையில் நல்ல பாரை மீன் கிடைத்தது. குழம்பு வைத்தேன். ஆசையாகத்தான் வைத்தேன் – பேத்தி திலகவதி சோற்றை வலது கன்னக் கொடுப்புக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். இடது பக்கம் மெல்லுவதே இல்லை. கஞ்சி என்றால் மட்டும் இறங்குகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சட்டை தோளில் நிற்காமல் வழுகுகிறது. வகுப்பில் இங்கிலீஷ் வாசிப்பில் அவள்தான் முதலாவது. இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது. ஆனால் வாசிக்கிறதற்கும் உடம்பில் சத்து வேண்டுமே.

மார்ச் 7
விளக்கைப் பிடித்து அவள் வாய்க்குள் பார்த்தேன். இடது கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு குழி. ஒரு மிளகை வைக்கலாம்.

மகன் அப்புத்துரை துறைமுகக் கந்தோர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். “எணை அம்மா, அது பால்பல்லு. விழப்போற பல்லுக்கு ஏன் மினக்கெடுறியள்? பிடுங்கிவிட்டாச் சரி” என்றான். கப்பல் கணக்குப் பார்க்கிறவனுக்குப் பல்லுக் கணக்கும் தெரியுமாம்.

திலகம் அதைக் கேட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள். “பிடுங்கினா நான் ஒண்டும் சாப்பிடமாட்டன் அப்பாச்சி.” இப்போது மட்டும் என்ன சாப்பிடுகிறாள்?

பிடுங்கத்தான் வேண்டுமா? யாரைக் கேட்கிறது?

மார்ச் 10, சனி
மருமகள் கனகேஸ்வரியும் நானும் திலகத்தைக் கெம்பல் வீதிச் சீனப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் மலாயில் பேசினார். என்னிடம் இருக்கிற சந்தை மலாய் போதுமாக இருந்தது. பால்பல்தான், ஆனாலும் இன்னும் நாலு வருசம் இருக்க வேண்டிய பல்லாம். கீழே புதுப்பல் காத்திருக்கிறதாம். இதை இப்போதே எடுத்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து, புதிது கோணலாக வருமாம். “அடைச்சுப் பார்க்கலாம், நெனெக்” என்றார். கிழவியைத்தான் மலாயில் அப்படி மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

தையல் மெஷின் போல ஒன்றைக் காலால் மிதித்துக் குழியைச் சுரண்டினார். பிள்ளை வீரிட்டு அழுததில் பாதியிலேயே நிறுத்திவிட்டார். வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் சின்ன உரலில் அரைத்துத் தோல்துண்டில் வைத்துப் பிழிந்து அடைத்தார். பிறகு எங்கே மேடு என்று பார்க்க ஒரு நீலக் கடதாசியை வைத்துக் கடிக்கச் சொன்னார். இவள் எங்கே கடித்தாள்! குதித்து இறங்கி றிக்‌ஷாவுக்கு ஓடிவிட்டாள். வெள்ளி இறுக ஒரு நாள் வேண்டும், விடியும்வரை “கெராஸ்” ஒன்றும் கொடுக்காதே, கடினமானது கூடாது என்று டாக்டர் வாசல்வரை வந்து சொன்னார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்ததும் பிள்ளைக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் குதித்தாள். எனக்கும்தான். அவளுக்கு முதற்பல் முளைத்தபோது பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டியது நான்தானே. வெள்ளிப்பல்லுக்கு மட்டும் ஏன் விடவேண்டும்? பயறும் சர்க்கரையும் வைத்து அவித்தேன். பஞ்சு மாதிரி வந்தது.

மார்ச் 11
உடைந்து போச்சு.

கொழுக்கட்டை மெதுதான். ஆனால் ஓரத்தில் பல்லு மாதிரி வெட்டின தேங்காய்ச் சொட்டுக் குத்துவோமே – அது என் நினைவுக்கே வரவில்லை. குத்தாமல் விட்டால் அது பல்லுக்கொழுக்கட்டையா? நேற்றுப் பின்னேரம் ஒன்றைக் கடித்தவள் “ஆ” என்றாள். கையில் துப்பினாள். பாதி வெள்ளி. பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டும் என்று துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை. ஐயோ, என்ரை கையாலை செய்து குடுத்தனே!

அப்புத்துரை, “இனி என்னாலை ஏலாது. பிடுங்கிறதுதான்” என்றான். ஒரே ஒரு தரம் என்று கெஞ்சினேன். “இந்தமுறையும் உடைஞ்சா, பிடுங்கேக்கை நீங்களே அவளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும், எணை.” சரி என்றுவிட்டேன்.

மார்ச் 14
டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். “மாவுக்குள்ளே தேங்காயா?” என்று சிரித்தார். பிறகு, பிழை அவருடையதும் என்றார். பிள்ளை அழுதாள் என்று குழியை ஆழமாகத் தோண்டவில்லையாம். வெள்ளி ஓரத்தில் தகடு போல மெலிந்து நின்றதாம். மெலிந்த வெள்ளி கடி தாங்காதாம். கடதாசி வைத்துப் பார்க்காததால் ஒரு இடம் மேடாகவும் நின்றிருக்கும், முழுப்பாரமும் அதிலேதான் விழுந்திருக்கும் என்றார்.

“சின்னப் பிள்ளையின் கடிதானே?” என்று கேட்டேன்.

“சின்னக் கடியா? ஒரு பெரிய கூடை அரிசியை ஊசிமுனையில் வைத்தது போல, நெனெக்.”

இந்தமுறை அடியைத் தட்டையாக வெட்டினார். ஓரமும் தடிப்பாக வர இடம் விட்டு அடைத்தார். பிள்ளை அழுதாள், ஆனால் ஓடவில்லை. நீலக் கடதாசி வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கனகேஸ்வரி கெஞ்சினாள், பிறகு வெருட்டினாள். ஒன்றும் சரிவரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கடதாசியைப் பறித்து என் வாயில் வைத்துக் கடித்தேன்.

“அப்பாச்சின்ரை பல்லிலை நீலமே ஒட்டேல்லை! மேல்பல்லுக்குக் கீழ்ப்பல்லு இல்லை!” என்று சிரித்தாள். வாய் திறந்ததுதான் தாமதம், டாக்டர் வேறொரு கடதாசியை வைத்துவிட்டார். “இப்ப நீ கடி, அப்பாச்சியை வெல்லு” என்றேன். கடித்தாள். வெள்ளியில் ஒரே ஒரு நீலப்பொட்டு. அதைச் சுரண்டினார். திரும்பக் கடிக்கச் சொன்னார். இப்போது நீலம் பல்லெல்லாம் பரவலாக விழுந்தது. பாரம் பிரிந்து நிற்கிறது என்றார்.

மார்ச் 15
கஞ்சி. எனக்கும் கஞ்சி – தனியே குடிக்க மாட்டாளாம்.

மார்ச் 29
பல் நிற்கிறது. ஆனால் வாய்க்குப் பயம் போகவில்லை. இன்னும் வலது பக்கம்தான். “இந்தப் பக்கமும் மெல்லு குஞ்சு” என்றால், “உடைஞ்சா அப்பா பிடுங்குவார்” என்கிறாள். அவன் காதில் விழட்டும் என்று உரக்கவே சொல்ல வைத்தேன். அவன் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

ஏப்ரல் 22
தோசை, இடது பக்கம்! தான் அப்படி மென்றது அவளுக்கே தெரியாது. அடுத்ததையும் சுட்டு வைத்தேன்.

ஜூன் 17, ஞாயிறு
கனகேஸ்வரியின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. அவர்களுடைய பொடியன் இராசதுரை, “வெள்ளிப்பல்லுக் கிழவி” என்று பழித்துத் திலகத்தின் பின்னலைப் பிடித்து இழுத்திருக்கிறான். இவள் அவன் மணிக்கட்டைக் கடைவாயால் கவ்விவிட்டாள். அவன் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு நூர்ஜானையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டது.

எல்லோரும் ஏசினார்கள். நானும் ஏசினேன் – ஒரு வயதுபோன மனுசி ஏசாமல் இருக்கலாமா? பொடியன் கைக்கு எண்ணெய் தடவும்போது பார்த்தேன். வெள்ளி இருக்கிற இடது கொடுப்பு நல்லாகப் பதிந்திருந்தது.

பிறகு அவளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டுபோய், “ஆ காட்டு” என்றேன். கதவடியில் அப்புத்துரை வந்து நின்றான்.

“உடைஞ்சு போச்சோ, எணை?” என்று மெதுவாகக் கேட்டான்.

“ஓரம்கூட அசையேல்லை.”

அவனும் குனிந்து பார்த்தான். வெளியே கனகேஸ்வரி கத்துகிறாள்: “அங்கை ரெண்டு பேரும் என்ன பாக்கிறியள்? பொடியன்ரை கையை வந்து பாருங்கோவன்!”