பெயர் வைக்க ஒரு முழம் மண்

அனுப்புநர்:
டெட்டே லாரியா,
கடை எண் 14 (பழைய செருப்புக் கடை), கீழ்த்தளம்,
கிழக்கு வணிக வளாகக் குடியிருப்பு, அக்ரா.

பெறுநர்:
உயர்திரு மேற்பார்வையாளர் அவர்கள்,
குடியிருப்பு அலுவலகம் (பழைய திரையரங்கு), இரண்டாம் தளம்.

பொருள்: பிறந்த குழந்தையை வாசலுக்கு வெளியே எடுத்துச் செல்ல அனுமதி வேண்டுதல் – ஆறாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காகிதம் தீர்ந்துவிட்டதால் செருப்புப் பெட்டி அட்டையில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். சாம்பல் விழத் தொடங்கிய ஆண்டிலிருந்து நானும் என் மனைவி அஃபோலேயும் இங்கே வசிக்கிறோம். தங்கள் நிர்வாகத்தின் மீது பெரிய குறை இல்லை. கூரை ஒழுகவில்லை. வரிசையில் நின்றால் கென்கே சோளமாவு உருண்டை கிடைக்கிறது.

2. எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு முப்பத்தொரு நாள். கா இன மக்களாகிய எங்கள் வழக்கப்படி, எட்டாம் நாள் விடியுமுன் குழந்தையை வெளியே கொண்டுபோய் வெறும் மண்ணில் கிடத்தி, கூரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும்; அது மழைபோல் குழந்தைமேல் சொட்ட வேண்டும். அதன் பிறகுதான் பெயர். அதுவரை அது விருந்தாளி. தங்குமா, திரும்பிவிடுமா என்று யாருக்கும் தெரியாது.

3. விதி 11-இன்படி, பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே வாசலைத் தாண்டலாம். பதிவேட்டில் ஏறப் பெயர் வேண்டும். பெயர் வைக்க வாசலைத் தாண்ட வேண்டும். ஐந்து மனுக்களில் இதை விளக்கினேன். ஐந்திலும் ‘விதிப்படி இயலாது’ என்று முத்திரை விழுந்தது. பதிவு இல்லாததால் பால்பொடிப் பங்கும் இல்லை. அஃபோலேக்குப் பால் வற்றி வருகிறது. போன வாரம் செவிலியர் எடை பார்த்தார். பிறந்த எடையைவிடக் குறைவு.

4. தங்கள் எழுத்தர் ஒடார்ட்டே நல்ல மனிதர். “அண்ணே, பேரு உங்களுக்குத் தெரிஞ்சதுதானே? எழுதிட்டுப் பால வாங்கிட்டுப் போங்களேன், யாரு கேக்கப்போறா?” என்றார். தெரியும்தான். எங்கள் குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு என்ன பெயர் என்பது நான் பிறக்குமுன்பே முடிவானது. ஆனால் மண் படாத குழந்தையை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

உள்ளேயே முடிக்கலாமென்று நுழைவுக் கூடத்துச் செடித்தொட்டியைக் கவிழ்த்ததும் நான்தான். செடி பிளாஸ்டிக், அடியில் இருந்தது தெர்மாகோல். அதற்கான தண்டனையாக மூன்று நாள் கழிவறை கழுவிவிட்டேன்.

5. பெயர் வைக்குமுன் போய்விட்ட குழந்தைக்கு எங்களில் துக்கம் காப்பதில்லை. இது அஃபோலேக்குத் தெரியும். குழந்தை அயர்ந்து தூங்கினால் தட்டி எழுப்பிவிடுகிறாள். எனக்கும் பயமாக இருக்கிறது ஐயா.

6. விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். விதி 19: மேற்பார்வையாளர் தம் கையில் எடுத்துச் செல்லும் பொருளுக்குப் பதிவு தேவையில்லை.

ஆகவே தாங்களே வந்து தூக்க வேண்டும். தூக்குபவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் நம்பிக்கை. இதற்கென்று சொல்லிவைத்திருந்த என் மாமா, மூன்றாம் மனுவுக்கும் நான்காம் மனுவுக்கும் நடுவில் இறந்துபோனார். தங்களைச் சொன்னதும் அஃபோலே, “அந்த மனுஷன் குணமா? எம்பொண்ணும் எல்லாத்துலயும் முத்திரை குத்திக்கிட்டுத் திரியணுமா?” என்றாள். “குத்தட்டும், உசுரோட இருந்து குத்தட்டும்” என்றேன். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

ஆகையால், வரும் வியாழக்கிழமை விடியுமுன், காற்று அடங்கியிருக்கும் நேரத்தில், கிழக்கு வாசலுக்கு வந்து உதவுமாறு வேண்டுகிறேன். நான்கு நிமிடம் போதும். தண்ணீர் என் பங்கிலிருந்து. வெளியே போகும்போது ‘பொருள் ஒன்று’ என்று எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே வரும்போது ‘ஆள் ஒன்று’ என்று எழுதி, பெயர் என்ன என்று என்னைக் கேளுங்கள். எல்லாத் தளங்களுக்கும் கேட்கும்படி சொல்கிறேன்.

இடம்: அக்ரா
நாள்: சாம்பல் நான்காம் ஆண்டு, மார்ச் 9

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) டெட்டே லாரியா

இணைப்பு: முத்திரையிட்ட பழைய மனுக்கள் – 5